சாம்பல் நிறச் சிரிப்பு

அத்தியாயம் 11

போன வாரம் பெய்-யூனை மழையில் நிறுத்திவிட்டு நாம் குடையோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

காவ்ஷியுங் துறைமுகத்தை ஒட்டிய பேட்டை. பழைய எட்டு மாடிக் குடியிருப்பின் மேற்குப் பக்கச் சுவர் முழுக்க ஒரு முகம் தீட்ட வேண்டும், கப்பல் உடைத்து வயிறு வளர்த்த ஓர் உழைப்பாளியின் முகம் வேண்டும் என்று வட்டத் தலைவி ஹோங் கேட்டாள். பெய்-யூன் யாருக்கும் சொல்லாமல் சொந்த அப்பாவின் முகத்தையே எடுத்துக்கொண்டாள். அந்தத் திருட்டுத்தனம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அப்பா கோ தியென்-ஃபூ இருப்பது அங்கிருந்து இரண்டே பஸ் நிறுத்தம் தள்ளி. அப்பாவும் மகளும் பேசி ஏழு வருஷம் ஆகிறது.

சண்டை என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. பத்தொன்பது வயதில் வீட்டு வெளிச்சுவரில் அவள் ஒரு திமிங்கிலம் வரைந்தாள். அவளுடைய முதல் சுவர். கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது திமிங்கிலத்தைக் காணோம். சாம்பல் பெயின்ட் அடித்துச் சுவர் மொழுக்கென்று இருந்தது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். பேசாதவருக்குப் பிறந்தவளும் பேசாதவள்தானே? வருஷாவருஷம் புத்தாண்டு விருந்துக்கு மட்டும் வந்துபோனாள். பிறகு அதுவும் நின்றது.

ஒசாகா, புசான், தைனான், ஹுவாலியென் என்று எங்கெங்கோ வரைந்தாள். அவளுக்கு இப்போது வயது நாற்பத்து நான்கு. பாதி உலகத்தில் அவளுக்குச் சுவர் உண்டு. உள்ளே போய்ப் படுக்கத்தான் ஒரு வீடு கிடையாது.

இன்று காலையில் மழை விட்டிருந்தது.

“சுவரு காஞ்சிருச்சா பாரு. இல்லேன்னா நான் வண்டியிலேயே ஒரு தூக்கம் போட்டுடுவேன்,” என்றான் தூக்கு வண்டிக்காரன் ஆ-பாங். வாயில் பாக்கு. ஆறடித் தொட்டிலில் அவளை ஏற்றி உயரே அனுப்புவதும், கீழே நின்று குறை சொல்வதும் அவன் வேலை.

“தூங்கு. உன்னை எழுப்பறதுக்குத்தான் எனக்குச் சம்பளமா?”

“கோவிச்சுக்காத. மூணு நாளா அந்த மூஞ்சியையே பாத்துப் பாத்து எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. ராத்திரி கனவுல வந்து சிரிக்குறாரு.”

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தொட்டில் ஏறியது.

அவள் வேலை செய்கிற முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் நிழலும் வெளிச்சமும். அது சரியாக விழுந்த பிறகுதான் மேலே நிறம். நிறம் ஏற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அதனால் மூன்று நாளாக அப்பா கறுப்பு வெள்ளையில், தலையும் தோளுமாக, நேருக்கு நேர் பார்த்து, எட்டு மாடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டாள். தம்பி போனில் அனுப்பியிருந்த படம். அப்பா சிரித்து அவள் வேறு படமே பார்த்ததில்லை.

ஐந்தாவது மாடியில், அப்பாவின் இடது கன்னத்தில், ஒரு ஜன்னல் இருந்தது. அதற்குள்ளே திருமதி யென் தனியாக இருந்தாள். வேலை தொடங்கிய நாளிலிருந்து தொட்டில் அந்த ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் கதவு திறக்கும். உப்பும் பிளம் பொடியும் தூவிய கொய்யாத் துண்டுகள் ஒரு கிண்ணத்தில் வெளியே வரும். “சாப்பிட்டியா?” என்று கேட்பாள். நாள் முழுக்கப் பெய்-யூனிடம் அதைக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

இன்று ஜன்னல் திறக்கவில்லை. திரையும் போட்டிருந்தது. பெய்-யூன் தொட்டிலை அங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்த்தாள். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. ஆள் இருக்கிறாள், திறக்கவில்லை. கொய்யா போனால் போகிறது, கேள்வி கேட்க ஆளில்லையே என்றிருந்தது அவளுக்கு.

அப்போதுதான் கீழே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஒரு கிழவர் இறங்கினார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றி வண்டியில் மாட்டினார். இரண்டு கைகளையும் கூப்பி, மூன்று முறை குனிந்து வணங்கினார். பிறகு நடைபாதையிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார்.

பெய்-யூனுக்கு ஆளைத் தெரிந்தது. ஷுய்-லாய் மாமா. அப்பாவோடு ஒரே கப்பலில் ஒரே பக்கத்தைப் பிடித்து இரும்பு வெட்டியவர்.

அவள் இறங்கி ஓடினாள். “மாமா! என்ன ஆச்சு?”

“என்னை ஏன் கேக்குற? நீ சொல்லணும்! எப்பம்மா போனான்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உங்களுக்கு?”

“யாரு போனது?”

“யாரா? எட்டு மாடிக்கு மாலை போடாத கொறையா மாட்டி வெச்சுட்டு யாருங்குறா பாரு!”

பெய்-யூன் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்று இழை இழையாகத் தீட்டும்போது தெரியாத ஒன்று, தெருவிலிருந்து ஓர் அழுகிற கிழவரின் பக்கத்தில் நின்று பார்க்கும்போது பளிச்சென்று தெரிந்தது. கறுப்பு வெள்ளை. நேர்ப்பார்வை. அடக்கமான சிரிப்பு. செத்தவர்கள் போகிற திசையான மேற்கைப் பார்த்த முகம். இந்த ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், சாவு வீட்டில் ஊதுவத்திக்குப் பின்னால் வைக்கிற படம் இது என்று. ஊர் ஊராகச் சுற்றியவளுக்கு அது வேலையின் பாதிக் கட்டம் மட்டும்தான். சொந்த ஊரின் கண் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

“மாமா, அப்பா உயிரோட இருக்கார். இன்னும் கலர் அடிக்கல, அவ்ளோதான்.”

ஷுய்-லாய் மாமாவின் அழுகை நின்றது. சட்டையால் முகத்தைத் துடைத்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் வெளிறியது.

“அடிப்பாவி. நேத்து பஸ்ஸுல போகும்போதே போட்டோ புடிச்சு எங்க ஆளுங்க குரூப்ல போட்டுட்டேனே!”

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். பழைய கப்பல் உடைப்பாளிகளுக்கு இரும்பு வெட்டத்தான் வயதாகிவிட்டது. சேதி பரப்ப வயதே கிடையாது. பத்து மணிக்குத் தம்பி ஜுன்-ஹோங் போன் செய்தான். அப்பா வீட்டுக் கீழ்த்தளத்தில் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன்.

“அக்கா, நம்ம வாசல்ல மலர் வளையம் வந்து எறங்குது.”

“திருப்பி அனுப்பு.”

“மூணாவதையும் அனுப்பியாச்சு. இப்ப டப்பாக் கோபுரம் ஒண்ணு வந்திருக்கு. ஆளுயரம். ஜூஸ் டப்பாவா அடுக்கி, உச்சியில காகிதத் தாமரை. துக்கத்துக்குன்னே செஞ்சது. கொண்டுவந்தவன் அப்பாகிட்டயே, ‘ஐயா, எறந்துபோன பெரியவர் உங்களுக்கு என்ன வேணும்?’னு கேட்டான்.”

“அப்பா என்ன சொன்னார்?”

“‘ரொம்ப நெருங்கின சொந்தம்’னு சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சுக்கிட்டார்.”

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நிறமெல்லாம் ஏற்றி முடித்து, ஒரு நாள் அவர் தற்செயலாக இந்தப் பக்கம் வந்து நிமிர்ந்து பார்ப்பார் என்று அவள் மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் கவிழ்ந்தது.

மதியம் வட்டத் தலைவி ஹோங் குடியிருப்புக்காரர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தோளில் ஒலிபெருக்கி. தடுப்பூசியிலிருந்து குப்பை வண்டி வரைக்கும் எதையும் அதில்தான் அறிவிப்பாள்.

“பெய்-யூன், உன் மேல எனக்குக் கோவமில்ல. ஆனா இந்த ஜனங்க ராத்திரி தூங்கல. சாவுப் படத்துக்குள்ள குடியிருக்கற மாதிரி இருக்காம். திருமதி யென், ‘செத்தவர் கன்னத்துக்குள்ள படுத்திருக்கேன்’னு அழுவுறாங்க.”

ஜன்னல் ஏன் திறக்கவில்லை என்று இப்போது விளங்கியது.

“கலர் அடிச்சா உயிர் வந்துரும். ஒரு வாரம் குடுங்க.”

“யாரு அந்த ஆளு? செத்தவரா, இருக்கறவரா? அதைச் சொல்லு மொதல்ல.”

“எங்க அப்பா. இருக்கார்.”

ஹோங் ஒலிபெருக்கியைத் தோள் மாற்றிக்கொண்டாள். “அப்ப அவரையே வரச் சொல்லு. இங்க வந்து நின்னு, ‘நான்தான், எனக்குச் சம்மதம்’னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லட்டும். ஜனங்க வாயை மூடிக்குவாங்க. பொழுது சாயறதுக்குள்ள அவர் வரலேன்னா காலையில வெள்ளை அடிச்சுடுவோம். என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

முதல் சுவரை அழித்தவரிடமே போய் இந்தச் சுவரைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். பேயிடம் போய்ப் பிள்ளைக்குக் காவல் கேட்பதுபோல.

போனாள்.

அப்பா வாசலில் முக்காலி போட்டு டப்பாக் கோபுரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார். உச்சித் தாமரையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, கோபுரத்திலிருந்து ஒரு டப்பாவை உருவி உடைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. ஜுன்-ஹோங் கடைக்குள் ஒரு சக்கரத்தைக் கழற்றுகிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு அப்பா பேசிய முதல் வார்த்தை இது:

“வா. என் காரியத்துக்கா? கொஞ்சம் சீக்கிரம் வந்துட்ட.”

அவள் நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கையிலிருந்த டப்பாவையே பார்த்தாள்.

“என் மூஞ்சியை வரையறதுக்கு என்னைக் கேட்டியா?”

“கேக்கல.”

“ஏன்?”

“கேட்டா முடியாதுன்னு சொல்லியிருப்பீங்க.”

“சொல்லியிருப்பேன்,” என்றார். ஒரு மடக்குக் குடித்தார். “அதுக்குத்தான் கேக்கறது.”

அவள் ஹோங் சொன்னதைச் சொன்னாள். சொல்லும்போதே அவர் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

“உசுரோட இருக்கறவன் தன் சாவுப் படத்துக்கு முன்னாடி போய் நிக்கறதா? வரமாட்டேன்.”

“அது சாவுப் படம் இல்லப்பா. நிறம் அடிக்காத படம். அவ்ளோதான்.”

“யாரு சொன்னது?”

அவள் போனை எடுத்து நீட்டினாள். தம்பி அனுப்பிய படம். “இதைப் பாத்துத்தான் வரைஞ்சேன்.”

அப்பா படத்தைப் பார்த்தார். பிறகு கடைக்குள் பார்த்தார். “டேய், இங்க வா. இது ஏது?”

ஜுன்-ஹோங் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வந்தான். “உங்க அலமாரியிலதான்பா. சட்டைக்கு அடியில இருந்துது. சிரிச்ச மாதிரி இருந்துச்சேன்னு அக்காவுக்கு அனுப்பினேன்.”

“செகப்புத் துணியில சுத்தி வெச்சிருந்ததை அவுத்தியே, எதுக்குச் சுத்தி வெச்சிருக்கார்னு யோசிச்சியா? மூளையையும் கழட்டி ரிப்பேருக்குப் போட்டுட்டியா?” அப்பா பெய்-யூனிடம் திரும்பினார். “ஸ்டுடியோவுக்குப் போய் நானே எடுத்து வெச்ச படம் அது. என் சாவுக்கு. கடைசி நேரத்துல நீங்க படம் தேடி அலைய வேணாமேன்னு.”

ஊர் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அச்சு அசலாகச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“நான் என்னத்தைக் கண்டேன்,” என்று அப்பா தொடர்ந்தார். “ஸ்டுடியோக்காரப் பையன் சிரிங்க ஐயான்னான். சாவுக்கு எடுக்கற படத்துல எதுக்குடா சிரிக்கணும்னேன். ‘இதை யாரு பாக்கப் போறாங்களோ அவங்களை நெனச்சுக்குங்க, தானா வரும்’னான்.”

“யாரை நெனச்சீங்க?” என்று கேட்டாள்.

அப்பா டப்பாவை ஆட்டிப் பார்த்தார். காலி. முக்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“உன் தம்பி தெனம் என் மூஞ்சியிலதான் முழிக்கறான். அவனுக்குப் படம் எதுக்கு?”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் பின்னால் போயிருக்கலாம். போகவில்லை. பழக்கமில்லாதவர்களுக்குப் பத்தடி தூரமும் கடல்தான். பக்கவாட்டுச் சந்து வழியாக நடந்தாள். திமிங்கிலம் இருந்த சுவர் இன்னும் அதே சாம்பல் நிறத்தில் இருந்தது. போகிற போக்கில் அதை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆ-பாங் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

“எழுந்திரு. மேல போகணும்.”

“இனிமேயா? காலையில அழிக்கப் போறதுக்கு எவளாவது பெயின்ட் அடிப்பாளா?”

“நான் அடிப்பேன். ஏத்து.”

அழிக்கிறதென்றால் அழிக்கட்டும். சாவுப் படமாக அழியக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்கு. இருக்கிற வெளிச்சத்தில் முழு முகத்துக்கும் நிறம் ஏற்ற முடியாது. ஓர் இடமாவது உயிரோடு இருக்கட்டும் என்று இடது கன்னத்தில் தொடங்கினாள். காவி, அதன் மேல் வெளிறிய சிவப்பு, எலும்பு எழும்பும் இடத்தில் கொஞ்சம் மஞ்சள். வெயிலில் இரும்பு வெட்டியவரின் கன்னம். பெரிய தூரிகையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சாம்பலுக்குள்ளிருந்து சதை மேலே வந்தது. அவளைச் சுற்றி ஊரெல்லாம் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. சமையல் வாசனை ஐந்தாம் மாடி வரைக்கும் ஏறி வந்தது. இத்தனை பேர் வீட்டுச் சுவரில் தொங்கியும் தன்னை எதிர்பார்த்து ஒருத்தர்கூட இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. அழுதாள். அழுதுகொண்டே தீட்டினாள்.

கீழே சலசலப்பு. எட்டிப் பார்த்தாள்.

ஹோங் நின்றாள். குடியிருப்புக்காரர்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே ஜுன்-ஹோங்கின் ஸ்கூட்டர். அதிலிருந்து ஒருவர் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நாலா பக்கமும் ஒரு சுற்றுத் திரும்பிக் காட்டினார். மேலிருந்து பார்க்க ஒரு கட்டைவிரல் உயரம்தான் இருந்தார். ஷுய்-லாய் மாமா அவர் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அப்பா நிமிர்ந்தார். தன் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என்னவோ சொன்னார். மேலே கேட்கவில்லை. ஹோங் ஒலிபெருக்கியை அவர் வாய்க்கு முன்னால் நீட்டினாள்.

“கன்னம் பெருசா இருக்கு!”

பேட்டை முழுக்கக் கேட்டது.

“எனக்கு இவ்ளோ கன்னம் கெடையாது. கொறைச்சுடு. மத்ததெல்லாம் இருக்கட்டும்.”

“அப்ப சம்மதமாங்க ஐயா?” என்றாள் ஹோங்.

“நான் சாகலேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுதில்ல? போய்ச் சாப்பிடுங்க!”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பெய்-யூனுக்கு எதிரே, கன்னத்தில், திரை விலகி ஜன்னல் திறந்தது. திருமதி யென்னின் கை மட்டும் கிண்ணத்தோடு வெளியே வந்தது.

“சாப்பிட்டியா?”

“எறக்கு! ஆ-பாங், எறக்கு!” என்று கத்தினாள் பெய்-யூன்.

தூக்கு வண்டிக்கு அவசரம் தெரியாது. முனகிக்கொண்டு இறங்கியது. நான்காம் மாடியைத் தாண்டும்போது அப்பா தலைக்கவசத்தை மாட்டினார். மூன்றாம் மாடியில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் தரையைத் தொட்டபோது தெருமுனையில் ஒரு சிவப்பு விளக்கு திரும்பி மறைந்தது.

அவர் நின்ற இடத்தில், நடைபாதை ஓரமாக, கோபுரத்து ஜூஸ் டப்பா ஒன்று திறக்காமல் இருந்தது. அவளுக்காகத்தான் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு, அவர் நின்ற அதே இடத்தில் நின்று சுவரைப் பார்த்தாள். கன்னம் பெரிதாகவா இருக்கிறது? போனிலிருந்த படத்தை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி ஒப்பிட்டாள். மயிரிழை பிசகவில்லை. படத்தில் இருந்த கன்னம் அப்படியேதான் சுவரில் இருந்தது.

அப்படியானால் கன்னம் இல்லாமல் போனது அவருடைய முகத்தில்.

எட்டு மாடி உயரத்துக்கு அப்பாவின் முகத்தை வரைந்தவள், மதியம் அவர் எதிரே நின்று அந்த முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தொளதொளத்த சட்டைதான் நினைவுக்கு வந்தது.

தம்பிக்குப் போன் செய்தாள்.

“அப்பா அந்தப் படத்தை எப்ப எடுத்தார்?”

“இந்த வருஷம் மார்ச்சுல இருக்கும்.”

“மார்ச்சுல எதுக்குத் திடீர்னு அவருக்கு அந்த யோசனை வந்தது?”

மறுமுனையில் ஒரு ஸ்பானர் தரையில் விழுந்த சத்தம்.

“ஜுன்-ஹோங்?”

“நாளைக்கு வீட்டுக்கு வா அக்கா. போன்ல வேணாம்.” ஸ்பானரை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. “வந்து... அந்தக் கன்னம். அவர் சொன்னார்னு அதை மட்டும் கொறைச்சுடாத.”